படத்துக்கு விக்கல் எடுத்தால்…

புது டெலிவிஷன் வாங்கிய வீடுகளில் இரண்டு புகார்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, "படம் விக்கி விக்கிப் போகுது." இன்னொன்று, "பழைய படமெல்லாம் வழவழன்னு சீரியல் மாதிரி தெரியுது, சினிமா பாக்குற மாதிரியே இல்லை." மனுஷனுக்கு விக்கல் எடுத்தால் தண்ணீர் கொடுக்கலாம். பெட்டிக்கு எடுத்தால் என்ன கொடுப்பது? ரிப்பேர்காரருக்குப் பணம்தான் கொடுக்கிறோம்! அவரும் வந்து பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு மாத்தணும்" என்கிறார். சகோதரிகளே, இந்த விக்கலுக்கு முக்கால்வாசி காரணம் போர்டு இல்லை, ஒரு வகுத்தல் கணக்கு. ஐந்தாம் வகுப்பில் படித்த அதே வகுத்தல்தான்.

எங்கள் தெருவில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மதினி இருக்கிறாள். போன வருஷ மிளகாய் ஓரளவு விலை போனதில், மாமியாருக்காக 55 அங்குலப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். மானாவாரிக் கரிசலில் விளைந்த பணம்; அடுத்த வருஷம் மழை உண்டா இல்லையா என்று யாருக்குத் தெரியும்! அந்த அம்மாள் எம்.ஜி.ஆர். படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ரகம். 1977ல் அவர் எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தானே முதல்வரானார்! ஆனால் புதுப் பெட்டியில் அரைமணி நேரம் 'நாடோடி மன்னன்' பார்த்தால் போதும், "தலை கிறுகிறுங்குதுடி" என்று எழுந்து போய்ப் படுத்துவிடுகிறார். டாக்டரிடம் போய் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் கேட்டால், "இது 60 ஹெர்ட்ஸ் பெட்டிம்மா, அப்படித்தான். திருப்பிக் கொடுத்துட்டு 120 ஹெர்ட்ஸ் எடுங்க" என்று சொல்லி, பழையதற்குப் பாதி விலை போட்டிருக்கிறார். வாங்கி நாலு மாசம் ஆகாத பெட்டிக்குப் பாதி விலை! மதினி நகைக்கடன் யோசனையோடு என்னிடம் வந்தாள். "ரெண்டு நாள் பொறு" என்றேன்.

முதலில் இந்த ஹெர்ட்ஸ் என்ன என்று பார்ப்போம். சினிமாவில் எதுவுமே அசைவதில்லை. அத்தனையும் அசையாத போட்டோக்கள். ஒரு விநாடிக்கு 24 போட்டோ. அவற்றை மாற்றி மாற்றிக் காட்டும்போது நம் மூளைதான் அதை அசைவாகக் கூட்டிக்கொள்கிறது. பேசும் படம் வருவதற்கு முன்னால் காமிராவைக் கையால் சுற்றுவார்கள். சுற்றுகிறவர் கை வேகத்தைப் பொறுத்து விநாடிக்கு 16, 18, 20 என்று இருக்கும். (அந்த ஊமைப் படங்களைப் பிற்காலத்தில் 24 வேகத்தில் ஓட்டியதால்தான் சார்லி சாப்ளின் அப்படித் துருதுருவென்று ஓடுகிறார்.) பேச்சும் பாட்டும் பிலிமிலேயே பதிவானபோது வேகம் ஒரே சீராக இருந்தாக வேண்டிய கட்டாயம் வந்தது; இல்லையென்றால் பாகவதர் குரல் இழுபடும். அப்படி 1920களின் கடைசியில் நிலைத்ததுதான் 24 என்ற எண். நமக்கு முதல் பேசும் படம் 1931ல் வந்த 'காளிதாஸ்'. அன்று முதல் இன்று வரை தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் 24தான்.

இந்தப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு புரொஜக்டர் வைத்து ஓட்டிய கொட்டகைகளில் சுருள் மாற்றுவதற்கு நடுவில் நாலு தரம் இடைவேளை விடுவார்கள். அந்த மிஷினைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் அசந்து போவீர்கள். விநாடிக்கு 24 தரம் மட்டும் வெளிச்சம் வந்து வந்து போனால் திரை மினுக் மினுக்கென்று அடிக்கும், கண் தாங்காது. அதனால் ஒவ்வொரு போட்டோவையும் இரண்டு தரம் காட்டுவார்கள். லென்சுக்கு முன்னாலோ பின்னாலோ விசிறி மாதிரி ஒரு தகடு சுற்றும். அதில் இரண்டு இறக்கை. ஒரு இறக்கை பிலிம் நகரும்போது மறைக்கும், இன்னொன்று போட்டோ நிற்கும்போதே ஒரு தரம் சும்மா மறைத்துத் திறக்கும். 24ஐ இரண்டால் பெருக்கினால் 48. ஊமைப்படக் காலத்து மிஷின்களில் மூன்று இறக்கை. அங்கே 16ஐ மூன்றால் பெருக்கினால் அதே 48! ஹெர்ட்ஸ் என்ற சொல்லே தெரியாத கொட்டகை ஆபரேட்டர் பீடியைக் குடித்துக்கொண்டே இந்தக் கணக்கைப் பிசகாமல் நடத்தினார். பிலிமை நகர்த்துகிற பல்சக்கரமும் வெளிச்சத்தை மறைக்கிற தகடும் ஒரே மோட்டாரில் கோத்திருந்ததால் அங்கே பிசகவே வழியில்லை.

இன்றைக்கு அப்படியா? படத்தை அனுப்புவது ஒருவர், நடுவில் பெட்டி வைத்திருப்பவர் இன்னொருவர், திரை செய்தவர் மூன்றாமவர். மூன்று பேரும் ஒரே தாளத்தில் போக வேண்டும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

டெலிவிஷன் திரைக்கென்று தனியாக ஒரு தாளம் உண்டு. ஒரு விநாடிக்கு எத்தனை தரம் திரை தன்னைத் துடைத்துப் புதுசாக எழுதிக்கொள்கிறதோ, அந்த எண்ணிக்கைதான் ஹெர்ட்ஸ். ஜெர்மன் விஞ்ஞானி ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் பேரால் வந்தது. நம் நாட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் கரண்டோடு டெலிவிஷன் ஒத்துப் போகாவிட்டால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஊர்ந்து போகும். அதனால் 50 ஹெர்ட்ஸ் கரண்டு உள்ள ஊர்களில் டெலிவிஷனையும் 50க்கு வைத்தார்கள். முழுப் படமாகக் கணக்குப் பார்த்தால் விநாடிக்கு 25. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்த தூரதர்ஷனும் 25தான். நாங்கள் கோவில் பொங்கலுக்கு டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தோமே, அந்தக் காசெட்டும் 25தான். அமெரிக்காவில் கரண்டு 60, அதனால் அங்கே டெலிவிஷன் 60, முழுப் படம் 30.

அப்படியானால் 24ல் எடுத்த சினிமாவை 25ல் எப்படிக் காட்டினார்கள் என்று கேட்பீர்கள். ரொம்ப சுலபம், கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார்கள்! கொட்டகையில் இரண்டரை மணி நேரம் ஓடிய படம், அதாவது 150 நிமிஷம், அப்படி ஓட்டினால் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதோடு குரலும் அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும். இசைத்தட்டில் கேட்டுப் பழகிய காது கூர்மையானவர்கள் "டிவியில பாட்டு சுருதி கூடுதலா இருக்கே" என்று சொன்னால் அது பிரமை இல்லை. ஆனால் விக்கல் மட்டும் வராது. ஏனென்றால் 25 இரண்டு தரம் போனால் 50, மிச்சமில்லை.

விக்கல் எங்கே வருகிறது? இன்றைய பெட்டிகளில் திரை பெரும்பாலும் 60ல் ஓடுகிறது. 24ஐ 60க்குள் போட்டுப் பாருங்கள். வீட்டில் 60 பணியாரம் சுட்டு வைத்திருக்கிறீர்கள், பந்தியில் 24 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டரை. பணியாரத்தைப் பிய்க்கக் கூடாது என்று சட்டம். என்ன செய்வீர்கள்? ஒரு பிள்ளைக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று. கணக்கு சரியாகத் தீர்ந்துவிட்டது, ஆனால் பந்தியில் சண்டை! திரையிலும் இதேதான். ஒரு போட்டோ இரண்டு தரம் எழுதப்படுகிறது, அடுத்தது மூன்று தரம். முதல் போட்டோ ஒரு விநாடியை முப்பதாகப் போட்டதில் ஒரு பங்கு நேரம் நிற்கிறது. அடுத்தது இருபதில் ஒரு பங்கு. நடுத்தர வயசு நடிகர் உட்கார்ந்து வசனம் பேசும்போது யாருக்கும் தெரியாது. காமிரா கோபுரத்தை மெதுவாகச் சுற்றிக் காட்டும்போது, ரயில் குறுக்கே போகும்போது, பாட்டு சீனில் ஊஞ்சல் ஆடும்போது நிற்பதும் தாவுவதுமாகத் தெரியும்.

நம் சேனல்காரர்களுடைய 25 இன்னும் மோசம். 60 பணியாரம், 25 பிள்ளை. 2, 2, 3, 2, 3 என்று போக வேண்டும். செட்டாப் பாக்ஸ் வழியாக வந்தால் 50ல் வந்து நிம்மதியாக ஓடும் அதே சீரியல், இன்டர்நெட் வழியாக 60ல் ஓடும்போது தள்ளாடுவதற்கு இதுதான் காரணம். அதேபோல 50ல் நிற்கும் பெட்டியில் 24 படம் போட்டாலும் விநாடிக்கு இரண்டு தரம் சின்ன உதறல் இருக்கும்.

இப்போது கடைக்காரர் சொன்ன 120க்கு வருவோம். 24 ஐந்து தரம் போனால் 120. 30 நாலு தரம். 60 இரண்டு தரம். அழகாகத் தீர்கிறது. அதனால்தான் 120 என்று விற்கிறார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் நம் 25ஐ 120ல் போட்டுப் பாருங்கள். நாலே முக்காலுக்கும் சற்று மேல், மிச்சம் இருக்கிறது. விக்கல் சின்னதாகும், ஆனால் அடியோடு போகாது. 25க்கு வேண்டியது 50 அல்லது 100. நம் நாட்டில் விற்கும் 60 ஹெர்ட்ஸ் பெட்டிகள் பெரும்பாலும் 50லும் ஓடத் தெரிந்தவைதான். சீரியலும் பழைய படமும் பார்க்கிற வீட்டில் கூடுதல் பணம் கொடுத்து 120 வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பையன் ஓயாமல் வீடியோ கேம் விளையாடுகிறான் என்றால் அது வேறு பேச்சு.

உங்கள் வீட்டுப் பெட்டியைச் சோதிக்க மிஷின் ஒன்றும் வேண்டாம். செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்துப் பட்டை இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒரே சீராக ஊர்கிறதா, அல்லது நாலு அடி நடந்து ஒரு தத்து தத்துகிறதா? அதே சேனலைச் செட்டாப் பாக்ஸில் ஒரு தரம், இன்டர்நெட் வழியாக ஒரு தரம் பாருங்கள். ஒன்றில் சீராகவும் இன்னொன்றில் தத்தியும் வந்தால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, எண்தான் பொருந்தவில்லை. படம் எந்த எண்ணில் வருகிறது என்று தெரிய வேண்டுமானால் யூடியூபில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அதை அமுக்கினால் மூலையில் என்னென்னமோ எண்கள் வரும், பயப்படாதீர்கள். 1080க்குப் பக்கத்தில், சுழித்த 'அ' மாதிரி ஒரு குறி போட்டு 24, 25, 30, 50, 60 என்று ஏதாவது இருக்கும். அதுதான் வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. படம் நடுவில் நின்று வட்டம் சுற்றினால், அல்லது திடீரென்று மங்கலாகித் தெளிந்தால், அது இன்டர்நெட் வேகக் குறைவு. இந்தக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு மோடத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, எண்ணை எப்படிப் பொருத்துவது? டிவியோடு செருகியிருக்கும் குச்சியிலோ பெட்டியிலோதான் வேலை. அமேசான் ஃபயர் டிவி குச்சியில் செட்டிங்ஸ் போய், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், அதில் டிஸ்ப்ளே, அதற்குள் 'மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்' என்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி வகைகளில் புதியவற்றில் 'மேட்ச் கன்டென்ட் ஃப்ரேம் ரேட்' என்று டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்கும். அதில் 'சீம்லெஸ்' என்று மட்டும் வைத்தால் திரை கறுக்காமல் மாற்ற முடிகிற இடத்தில்தான் மாற்றும். 'நான்-சீம்லெஸ்' என்று வைத்தால்தான் முழுப் பலன். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் கன்டென்ட்' என்று பெயர். இதை ஆன் செய்தபின் படம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் திரை ஒன்றிரண்டு விநாடி கறுப்பாகும். பெட்டி போய்விட்டது என்று கத்த வேண்டாம். 60லிருந்து 24க்கோ 25க்கோ தாளம் மாற்றுகிற நேரம் அது. எல்லா ஆப்பும் இதற்குக் கட்டுப்படும் என்று சொல்வதற்கில்லை. கட்டுப்படாத ஆப்பில் பெரும்பாலும் தமிழ்ச் சேனல்தான் பார்ப்பீர்கள் என்றால், அதே டிஸ்ப்ளே பக்கத்தில் ரெசொலுஷன் என்ற இடத்தில் 1080, 50 ஹெர்ட்ஸ் என்று நிரந்தரமாகவே வைத்துவிடலாம். இப்போது வருகிற ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ்கள் சில 60லேயே நிற்கும். அங்கேயும் 50க்கு மாற்ற இடம் உண்டா என்று பாருங்கள்.

இனி இரண்டாவது புகார், அந்த வழவழப்பு. இது விக்கலுக்கு மருந்து என்று டிவிக் கம்பெனிக்காரர்களே சேர்த்து அனுப்பும் கைங்கரியம்! இரண்டு போட்டோவுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று பெட்டி தானாகவே ஊகம் பண்ணி, இல்லாத போட்டோவை வரைந்து சொருகுகிறது. எங்கள் ஊர்த் தறிக்காரர் பாஷையில் சொன்னால், பாவு ஒன்று, ஊடை தறிக்காரர் இஷ்டம். சாம்சங்கில் இதற்கு 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்று பெயர், எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. கிரிக்கெட்டுக்கு நன்றாகவே இருக்கும், குறை சொல்ல மாட்டேன். சினிமாவுக்குப் போட்டால் சினிமாவின் முகமே மாறிவிடுகிறது. அதிலும் கத்திச் சண்டை! வாள் ஒரு போட்டோவில் இடது பக்கம், அடுத்ததில் வலது பக்கம் இருக்கும். நடுவில் எங்கே இருந்தது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அது குத்துமதிப்பாக வரைவதால் வாளைச் சுற்றி நிழல் மாதிரி ஒரு மூடாப்பு, முகத்தோரம் நீர் கலங்குவது மாதிரி ஒரு நெளிவு. அடுத்த நொடி ஊகம் தோற்றுப்போய் நிஜ விக்கலும் வரும். வழவழப்பு, நெளிவு, விக்கல் மூன்றும் மாறி மாறி வந்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது!

இது நம் வீட்டு வம்பு மட்டுமில்லை. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் ஒரு டைரக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இந்த மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு எங்கள் படத்தைப் பாருங்கள்" என்று வீடியோ போட்டு எல்லாரையும் கேட்டுக்கொண்டார். மறு வருஷமே, 2019ல், டிவிக் கம்பெனிகளும் சினிமாக்காரர்களும் சேர்ந்து 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒரு ஏற்பாடு கொண்டு வந்தார்கள். உங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் சினிமா பார்க்கும்போது அதில் வையுங்கள், எல்லா ஊகமும் அணைந்துவிடும். இல்லாத பெட்டியில் மேலே சொன்ன பெயர்களைத் தேடி 'ஆஃப்' பண்ணுங்கள். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கும் இதை அணைப்பதே நல்லது. கார்ட்டூனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு போட்டோவுக்கு நிறுத்தி வைப்பார்கள், விநாடிக்கு 12 ஓவியம்தான். வரைந்தவரே வேண்டுமென்று விட்ட இடைவெளியில் டிவி புகுந்து கிறுக்குவது என்ன நியாயம்?

மதினி வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான்: வழவழப்பை அணைத்தேன், குச்சியில் 'மேட்ச்' ஆன் செய்தேன். வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தேன். கடையில் ஜொலிக்க வைப்பதற்காக வைத்த வெளிச்சத்தோடே வீட்டில் வைத்திருந்தார்கள். கை வேலை கால் மணி நேரம். அந்தப் பெரியம்மா அன்று சாயங்காலம் 'நாடோடி மன்னன்' முழுசும் பார்க்கவில்லை, நடுவில் தூங்கிவிட்டார். ஆனால் தலை சுற்றுகிறது என்று எழுந்து போகவில்லை. மறுநாள் மிச்சத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகு கிறுகிறுப்புப் பேச்சு வீட்டில் எழவில்லை. இதை எல்லாருக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிவியை அணைத்த பிறகும், குனிந்து நிமிரும்போதும், படுக்கையில் புரளும்போதும் தலை சுற்றினால் அது காது, ரத்த அழுத்தம், சத்துக் குறைவு என்று பலதாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிவியைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டிலும் டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் விக்குவது வேறு, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிப்பது வேறு. 1997 டிசம்பர் 16ல் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 தரம் மாறி மாறி அடித்த ஒரு காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலருக்கு வலிப்பே வந்தது. எந்த ஹெர்ட்ஸ் பெட்டியாக இருந்தாலும் அந்த மாதிரி வெளிச்சத்துக்கு மாற்று இல்லை. குழந்தை பார்க்கும்போது அறை விளக்கைப் போட்டு வையுங்கள், திரையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். வலிப்பு வந்த குழந்தையானால் அப்படிப் பளிச்சிடும் காட்சிகளையே காட்டாதீர்கள்.

எண்ணைப் பொருத்தியும் தீராத விக்கல் உண்டு. பழைய தமிழ்ப் படங்கள் யூடியூபில் நிறையக் கிடைக்கின்றன அல்லவா? அவற்றில் சில, அமெரிக்கக் கணக்குக்கு 30 ஆக்கப்பட்ட பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்தவை. 24ஐ 30 ஆக்கும்போதே இரட்டிப்புப் போட்டோக்களைச் சொருகிவிட்டார்கள். மாவிலேயே கல் இருந்தால் தோசைக்கல்லை மாற்றி என்ன பிரயோஜனம்? வேறு பிரதி தேட வேண்டியதுதான். அதோடு 24லேயே ஒரு குறை உண்டு. காமிராவை வேகமாகத் திருப்பினால் கொட்டகையிலும் உதறும். திரையின் ஒரு ஓரத்தில் தெரியும் பொருள் மறு ஓரம் போக ஏழு விநாடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு. அதற்குக் குறைந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

கடைசியாகக் கல்யாண வீடியோ. விசேஷம் உள்ள வீடுகளில் லட்ச ரூபாய் வரை கொடுத்து எடுக்கிறார்கள். வந்த பிறகு பார்த்தால் தாலி கட்டும் நேரத்தில் திரையில் கறுப்புப் பட்டை ஊர்கிறது, ஊர்வலம் தத்தித் தத்திப் போகிறது. பட்டைக்குக் காரணம் மண்டபத்து டியூப்லைட். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் சோக் போட்ட டியூப் விநாடிக்கு 100 தரம் மினுங்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. காமிரா 30ல் வைத்து, ஒவ்வொரு போட்டோவுக்கும் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்தால் மினுங்கலோடு ஒத்துப் போகாமல் பட்டை விழும். 25ல் வைத்து ஐம்பதில் ஒரு பங்கு திறந்தால் விழாது. நம் போனில் எடுக்கும்போதும் காமிரா செட்டிங்ஸில் 'ஆன்டி ஃபிளிக்கர்' என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஐபோனில் ரெக்கார்ட் வீடியோ பக்கத்தில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதை ஆன் செய்தால் 25 கிடைக்கும்.

தத்தலுக்குக் காரணம் வேறு. பெரிய காமிராவில் 25ல் எடுத்து, மேலே பறக்கவிட்ட டிரோனில் 30ல் எடுத்து, இரண்டையும் 25ல் ஒட்டினால், டிரோன் படத்தில் விநாடிக்கு ஐந்து போட்டோ வெட்டுப்படும். அந்த விக்கல் பதிவோடு போய்விடும். பேரன் பேத்தி எடுத்துப் பார்த்தாலும் இருக்கும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே, எல்லாக் காமிராவும் டிரோனும் 25, மெதுவாக ஓடும் காட்சிக்கு மட்டும் 50 அல்லது 100 என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இதைக் கேட்டதும் கல்யாண வீட்டுப் பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். வீடியோ கைக்கு வந்ததும் பென்டிரைவை டிவியிலேயே செருகி, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள். பாக்கிப் பணத்தை அப்புறம் கொடுங்கள்.